கறுப்பு மணல் வைரத்துக்குச் சாட்சியா?

கேள்வி: மணவாளக்குறிச்சிக் கரையிலுள்ள கறுப்பு மணல் இல்மனைட். வைரம் தேடுபவர்களும் இல்மனைட்டைத்தான் தேடுகிறார்களாம். அப்படியானால் குமரியில் வைரம் உண்டா?

பதில்: அந்த மணல் வைரத்துக்குச் சாட்சி சொல்லாது. இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த கனிமம். பெயர் ஒன்றானாலும் பிறந்த வீடுகள் வேறு வேறு. குமரி இல்மனைட், மலைப்பக்கத்துப் பழைய உருமாறிய பாறைகள் சிதைந்து, ஆறு இழுத்துவர, முறத்தில் கொழிப்பதுபோல அலை கொழித்து ஒதுக்கியது. அதில் மெக்னீசியம் சொற்பம். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரத்தால் பெயர்பெற்ற கிம்பர்லைட் பாறையிலோ, இரும்பின் இடத்தில் கணிசமான பங்கை மெக்னீசியம் பிடித்திருக்கும். மெக்னீசியம் ஆக்சைடு பெரும்பாலும் 4 சதவீதத்தைத் தாண்டும், 10-ஐயும் தொடும். பூமியின் மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசப் பகுதி மெக்னீசியம் மலிந்தது. அந்த ஆழத்தில் விளைந்த படிகங்களைத்தான் கிம்பர்லைட் குழம்பு வாரிக்கொண்டு மேலே வருகிறது. வைரமும் இப்படி வழியில் ஏறிய பயணிதான், குழம்பு பெற்ற பிள்ளையல்ல. அதே பாறையிலுள்ள இன்னொரு ஆக்சைடான பெரோவ்ஸ்கைட் பெரும்பாலும் குழம்பிலேயே விளைவது. அதில் சிக்கிய யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு குழம்பு மேலேறிய காலத்தைக் கணிக்கிறார்கள்.

மெக்னீசியம் பிற்பாடு குழம்பிலிருந்தும் ஏறியிருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஏறுவதுண்டு, ஆனால் பெரும்பாலும் மணியின் ஓரத்தில். அதனால் மணியை அறுத்து மெருகேற்றி, ஓரத்தை விட்டு நடுவை அளக்கவேண்டும். நடுவிலும் மெக்னீசியம் மிகுந்திருந்தால் கிம்பர்லைட் பக்கத்தில் இருக்கக்கூடும் என்று தேடலாம். வைரம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான கிம்பர்லைட்டுகளில் வெட்டி எடுக்குமளவு வைரம் இல்லை. இல்மனைட்டில் ஆக்சிஜன் மிகுந்த இரும்பு அதிகமென்றால், வைரம் வழியிலேயே கரைந்திருக்கலாம் என்ற சந்தேகமும் எழுகிறது. ஆகவே கனிமத்தின் பெயரைக் கேட்டதும் முடிவு கட்டுவது தவறு. உள்ளே என்ன, எவ்வளவு என்பதே கேள்வி.

கேள்வி: கறையான் வைரம் கண்டுபிடித்தது உண்மையா?

பதில்: அதற்கு உதவியது உண்மை. போட்ஸ்வானாவின் ஜ்வானெங்கில் கிம்பர்லைட்டை சுமார் 50 மீட்டர் கலஹாரி மணல் மூடியிருந்தது. ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கிய கறையான்கள் மண்ணோடு இல்மனைட், கார்னெட் மணிகளையும் சுமந்து வந்தன. மேல்மண்ணில் கிடந்த அந்த மணிகளே தேடியவர்களுக்கு இடத்தைக் காட்டின. 1982-இல் அங்கே சுரங்கம் திறந்தது.