பழைய காருக்குப் புதிய நடை

மாணவர்களே, ‘வில்வண்டி’ என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பார வண்டியில் வண்டியின் உடல் அச்சின் மீதே நேராக உட்கார்ந்திருக்கும். பயணம் செய்வதற்கென்றே அமைத்த மாட்டு வண்டியிலோ, அச்சுக்கும் உடலுக்கும் இடையே எஃகுப் பட்டைகளாலான வில் ஒன்று இருக்கும். மேட்டில் சக்கரம் ஏறினாலும் உட்கார்ந்திருப்பவரின் முதுகு குலுங்குவதில்லை. அந்த வில்லே வண்டிக்கும் பெயராயிற்று.

இதே பட்டைவில் மோட்டார் காருக்கும் வந்தது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் இறுதியில் பிறந்த அம்பாசடர் கார், மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்டது. அதன் பின் அச்சைத் தாங்குவது பட்டைவில்தான். உற்பத்தி நின்றுவிட்டாலும், தாத்தா வாங்கிய காரைப் பேரன் பேணிக் காக்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்களிடம் இரண்டு குறைகளை அடிக்கடி கேட்கலாம். ஆட்கள் நிறைந்தால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, பள்ளத்தில் ‘டம்’ என்று தட்டுகிறது. வளைவில் திரும்பும்போது உடல் சாய்கிறது.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், வில்லில் இரண்டு பட்டைகளைக் கூட்டிவிடுவது. பின்பக்கம் உயர்ந்துவிடும்; தட்டும் ஓசையும் நின்றுவிடும். ஆனால் பின் இருக்கையில் அமரும் பாட்டி, “முன்பு போல இல்லையப்பா, இடுப்பு ஒடிகிறது” என்பார். உறுதி வேண்டுமானால் சுகத்தை இழக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. ஏன் என்பதைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே காண்போம்.

அமிழ்வும் அலைவும்

வில்லின் நீட்சி, அதன் மீது செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். பட்டைவில்லின் வளைவுக்கும் இவ்விதி பொருந்தும்.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு காரின் பின் வில்கள் இரண்டும் சேர்ந்து 1 செ.மீ. அமிழ்வதற்கு 40 கிலோகிராம் எடை தேவை என்று கொள்வோம். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பின் வில்கள் தாங்கும் எடை 400 கிலோகிராம். அப்படியானால் அமிழ்வு 10 செ.மீ. ஆள்களும் பெட்டிகளும் ஏறி எடை 600 கிலோகிராம் ஆனால் அமிழ்வு 15 செ.மீ.

வில்லின் மேல் நிற்கும் பொருளை அழுத்தி விட்டால் அது மேலும் கீழும் ஆடும். நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை அறிய ஒரு சுருக்கு வழி உண்டு. அமிழ்வைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். கிடைக்கும் ஈவே அதிர்வெண். ஊசலின் நீளத்திலிருந்து அதன் அலைவு நேரத்தைக் காணும் அதே சூத்திரந்தான் இது. நீளம் இருந்த இடத்தில் இப்போது அமிழ்வு இருக்கிறது.

அமிழ்வு 10 செ.மீ. என்றால் நொடிக்கு ஏறத்தாழ 1.6 அலைவு. 15 செ.மீ. என்றால் 1.3 அலைவு. நாம் நடக்கும்போது நம் உடல் நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவாக ஏறி இறங்குகிறது. இந்த வேக அளவிலும் இதற்குக் கீழும் உள்ள மென்மையான ஆட்டம் உடலுக்குப் பழகியது. நொடிக்கு 4 முதல் 8 வரையுள்ள செங்குத்து அதிர்வுகளே நம் உடலை மிகுதியாக வருத்துகின்றன. வயிறும் மார்பும் அவ்வதிர்வோடு ஒத்ததிரத் தொடங்குகின்றன.

இரண்டு பட்டை கூட்டினால்?

ஒரே தடிமனுள்ள ஐந்து பட்டைகள் ஏழாகும்போது வில்லின் விறைப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. 1 செ.மீ. அமிழ 40 கிலோகிராம் போதும் என்ற நிலை மாறி 56 கிலோகிராம் வேண்டியிருக்கிறது. வெறும் காரின் அமிழ்வு 10 செ.மீ.இலிருந்து 7 செ.மீ. ஆகக் குறைகிறது. அதிர்வெண் 1.9 ஆக உயர்கிறது.

உயர்வு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரே மேட்டில் ஏறும்போது காரின் உடலைத் தூக்கும் விசை இப்போது 40 விழுக்காடு கூடுதல். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. விறைத்த வில், பள்ளத்திற்குள் சக்கரத்தை விரைந்து இறக்குவதில்லை. காலியாக ஓடும் காரின் பின் சக்கரம் கரடுமுரடான சாலையில் ஒட்டாமல் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்திற்கு பிரேக் இருந்தும் பயனில்லை. ஆகவே சுகம் என்பது சொகுசு மட்டுமன்று. சக்கரம் சாலையைப் பற்றியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளமுமாகும்.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டதே என்று கேட்பீர்கள். தாழ்ந்த வில் விறைப்பை இழந்த வில் என்று எண்ணுவது தவறு. நெடுங்காலம் சுமை தாங்கியதால் அது இழந்தது வளைவைத்தான். விறைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். எனவே பழைய அளவிலேயே செய்த புதிய வில்லைப் போடலாம். அல்லது, பட்டைகள் நல்ல நிலையில் இருந்தால், பட்டறையில் மீண்டும் வளைவு கொடுத்துப் பதப்படுத்தலாம். உயரம் திரும்பும், விறைப்பு கூடாது.

துரு என்னும் பசை

ஒரே தடித்த பட்டையாகச் செய்யாமல் பல மெல்லிய பட்டைகளை ஏன் அடுக்குகிறார்கள்? பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப அமைகிறது. தடிமனை இரட்டித்தால் விறைப்பு 2 × 2 × 2, அதாவது 8 மடங்காகிறது. ஆனால் தனித்தனியான இரண்டு பட்டைகளை அடுக்கினால் விறைப்பு 2 மடங்கே ஆகும். காரணம், வளையும்போது ஒரு பட்டை மற்றொன்றின் மேல் வழுக்கி நகர்கிறது.

இந்த வழுக்கல் நின்றுவிட்டால்? பட்டைகளுக்கு இடையே துருவும் மண்ணும் புகுந்து இறுகிவிட்டால், சிறிய மேடுகளில் அவை வழுக்குவதேயில்லை. அடுக்கு முழுவதும் ஒரே தடித்த பட்டைபோல நடந்துகொள்கிறது. பெரிய பள்ளத்தில் விசை மிகும்போதுதான் உராய்வை வென்று வழுக்கத் தொடங்குகிறது. “பெரிய பள்ளத்தில்கூடத் தெரியவில்லை, சின்னச் சின்னக் கல்லெல்லாம் முதுகில் குத்துகிறது” என்று ஒருவர் சொன்னால், அவருடைய காரின் பட்டைகள் இறுகியிருக்கின்றனவா என்றே முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே சீர்திருத்தத்தின் முதற்படி பட்டைகளைக் கூட்டுவதன்று. இருக்கும் பட்டைகளை விடுவிப்பது. வில்லைக் கழற்றிப் பிரித்து, துருவைத் தேய்த்து நீக்கி, கிராஃபைட் கலந்த கிரீஸ் தடவலாம். அல்லது பட்டைகளின் முனையில் வழுக்கும் பிளாஸ்டிக் தகடுகளை வைக்கலாம். வில்லின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்கள் இற்றுப் போயிருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

அலைவை அடக்குதல்

பட்டைகளின் உராய்வு நீங்கியதும் வேறொரு கேள்வி எழுகிறது. உராய்வு இல்லாத வில் ஆடிக்கொண்டே இருக்குமே! அதை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ‘அதிர்ச்சி உறிஞ்சி’ என்பது அதன் பெயராக இருந்தாலும், அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில்தான். ஷாக் அப்சார்பர் உறிஞ்சுவது அலைவின் ஆற்றலை. அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்குகிறது. அலைவின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது.

துரு தரும் உராய்வுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. உராய்வு, மெல்ல நகர்ந்தாலும் விரைந்து நகர்ந்தாலும் ஒரே அளவில் தடுக்கும்; சிறு அசைவை முற்றிலும் நிறுத்திவிடும். எண்ணெயின் தடையோ வேகம் கூடும்போதுதான் கூடும்; மெல்லிய அசைவுக்கு வழிவிடும்.

1948-இல் வந்த மாரிஸ் மைனர், 1962-இல் வந்த எம்.ஜி.பி. முதலிய பழைய பிரிட்டிஷ் கார்களில் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்கள் இருந்தன. இவற்றை மாற்றி, குழாய்க்குள் குழாய் நகரும் தொலைநோக்கி வகையைப் பொருத்துவது அக்கார்களின் சொந்தக்காரர்கள் விரும்பிச் செய்யும் மாற்றம். இந்த வகையில் எண்ணெயின் அளவும் உந்துதண்டின் நகர்வும் கூடுதல். எண்ணெய் அளவுமீறிச் சூடாவது குறைவு. ஆனால் பந்தயக் காருக்குரிய மிகக் கடினமான ஒன்றைப் பொருத்திவிட்டால், மென்மையான வில்லும் விறைத்த வில்லாகத் தோன்றும்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தல்

பட்டைவில் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. பின் அச்சு முன்னும் பின்னும், இடமும் வலமும் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுவே. என்ஜின் வேகமாக இழுக்கும்போது அச்சு தானே திரும்ப முயல்கிறது; அப்போது வில் ‘எஸ்’ வடிவில் முறுக்கிக்கொண்டு துடிக்கும். வில்லை விறைப்பாக்கினால் துடிப்பு நிற்கும், சுகமும் போய்விடும்.

அறிவுள்ள பொறியாளர் இவ்வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிறார். அச்சு முறுக்கிக்கொள்ளாமல் தடுக்க நீளவாக்கில் ஓர் இழுதண்டு. பக்கவாட்டில் நகராமலிருக்க அச்சையும் காரின் உடலையும் இணைக்கும் குறுக்குத் தண்டு; இதைப் பனார் தண்டு என்பர். வளைவில் சாய்வதைத் தடுக்க முறுக்கை எதிர்க்கும் சாய்வு தடுப்புத் தண்டு. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது இந்தக் கடைசித் தண்டு குறுக்கிடுவதில்லை. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கும்போது மட்டுமே எதிர்க்கிறது. ஆனால் பின்புறத்தில் மட்டும் மிகத் தடித்த தண்டைப் பொருத்தினால், வளைவில் பின் சக்கரங்களின் பிடிப்பு குறைந்து காரின் பின்பகுதி வெளியே வழுக்கக்கூடும். அளவு இங்கே முக்கியம்.

எப்போதோ ஒரு முறை ஏற்றும் மிகுந்த சுமைக்கு என்ன செய்வது? ஒரு துணைப் பட்டையை வில்லின் அடியில், சற்று இடைவெளி விட்டுப் பொருத்தலாம். காலியாக ஓடும்போது அதற்கு வேலையில்லை. சுமை ஏறி வில் தாழ்ந்த பிறகே அது தோள் கொடுக்கும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள நான்கு மர அளவுகோல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை மரப்பசையால் முழு நீளத்திற்கும் ஒட்டி, ஓர் இரவு காய விடுங்கள். மற்ற இரண்டை முனையில் ஒரு ரப்பர் வளையத்தால் தளர்வாகச் சேர்த்து வையுங்கள்.

முதலில் தனி அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் 25 செ.மீ. வெளியே நீட்டி இறுக்கிப் பிடித்து, முனையில் 200 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து குறியுங்கள். பிறகு தளர்ந்த இணையையும், கடைசியில் ஒட்டிய இணையையும் அவ்வாறே சோதியுங்கள். தளர்ந்த இணை ஏறத்தாழப் பாதியே தாழும். ஒட்டிய இணையோ எட்டில் ஒரு பங்கை ஒட்டியே தாழும். பசை காரில் துரு செய்யும் வேலையைச் செய்கிறது.

நின்றுகொண்டிருக்கும் காரின் பின் மூலையை இரு கைகளாலும் அழுத்தி விட்டும் பார்க்கலாம். ஒரு முறை எழுந்து, சிறிது தாழ்ந்து நின்றால் ஷாக் அப்சார்பர் நலம். மூன்று, நான்கு முறை ஆடினால் அது ஓய்வு கேட்கிறது. அழுத்தினாலும் அசையவே மறுத்தால், பட்டைகள் இறுகியிருக்கலாம். பட்டைவில்லைக் கழற்றும் வேலையில் மட்டும் நீங்கள் இறங்க வேண்டாம். அதில் அடங்கியிருக்கும் விசை பெரிது. ஜாக்கியின் மேல் நிற்கும் காரின் அடியில் புகுவது உயிருக்கே ஆபத்து. அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆனால், “இரண்டு பட்டை கூட்டிவிடலாமா?” என்று அவர் கேட்கும்போது, “முதலில் இருப்பதைப் பிரித்துத் துருவை எடுத்துப் பார்க்கலாமே, அண்ணே” என்று நீங்கள் சொல்லலாம்.

சிந்தியுங்கள்

1. ஒரு காரின் பின் வில் 16 செ.மீ. அமிழ்ந்திருக்கிறது. அதன் அதிர்வெண் என்ன? அதை நொடிக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால் அமிழ்வு எவ்வளவு இருக்க வேண்டும்? அவ்வளவு அமிழ்வுக்குக் காரில் இடம் கிடைக்குமா?

2. பளு ஏற்றிய லாரியைவிடக் காலி லாரி அதிகமாகத் துள்ளுவது ஏன்?