கணக்கேட்டின் தேதியும் கணிப்பொறியின் தேதியும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளில் தொகைக்கு அடுத்தபடியாக இன்றியமையாதது தேதியாகும். கடன் வழங்கிய தேதி, தவணை முடியும் தேதி, பாவு கொடுத்த தேதி, சேலை வரவான தேதி ஆகியவற்றைக் கொண்டே வட்டியும் கூலியும் நிர்ணயிக்கப்படுகின்றன. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த காலந்தொட்டு இவை பேரேடுகளில் மையினால் எழுதப்பட்டு வந்தன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 29-6-2022 அன்று ஒப்புதல் அளித்தது. ஏட்டிலுள்ளவை கணிப்பொறிக்கு இடம் மாறும் இக்காலத்தில், தேதியின் பொருள் கெடாமல் காப்பது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கணிப்பொறி தேதியை அறியும் முறை

நாம் 1-4-2025 என எழுதினால் அதனை நாள், மாதம், ஆண்டு எனப் படிக்கின்றோம். எக்செல் போன்ற அட்டவணைச் செயலியோ அதனை ஒரே எண்ணாக மாற்றி வைத்துக்கொள்கிறது. 1-1-1900 என்பது அதற்கு 1; 1-4-2025 என்பது 45,748. ஒரு தேதியிலிருந்து மற்றொன்றைக் கழித்து இடைப்பட்ட நாட்களை அது நொடியில் கூறுவது இதனாலேயே. எழுத்தை எண்ணாக்கும் அந்த முதற்படியில் தவறு நேர்ந்தால், பின்வரும் கணக்கு அனைத்தும் தவறாகும்.

2. நாளும் மாதமும் இடம் மாறுதல்

நம் நாட்டில் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவது வழக்கம். அமெரிக்க வழக்கில் மாதமே முன்னிற்கும். கணிப்பொறியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருக்குமாயின், 5-6-2024 என்பதை அது மே மாதம் 6-ஆம் நாள் எனக் கொள்ளும்.

ஓராண்டில் நாள் எண் 12-க்கு மேற்படாத தேதிகள் 144. இவற்றுள் 1-1, 2-2 போன்ற 12 தேதிகளுக்குக் கேடில்லை. எஞ்சிய 132 தேதிகள் ஓசையின்றி இடம் மாறிவிடும். 13 முதலான நாட்களில் வரும் 221 தேதிகளையோ, அத்தகைய மாதம் இல்லாமையால், செயலி வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். எழுத்தாய் நின்றவை கண்ணுக்குத் தெரியும். இடம் மாறியவை தெரியா. ஆகலின் பின்னவற்றிற்கே நாம் அஞ்சுதல் வேண்டும்.

இதன் விளைவைக் காண்போம். விருத்தாசலம் வட்டாரத்து நிலக்கடலை விவசாயி ஒருவர் 5-6-2024 அன்று 50,000 ரூபாய் பயிர்க்கடன் பெற்றார் என்றும், தவணை 5-6-2025 என்றும் வைத்துக்கொள்வோம். அவர் 30-5-2025 அன்று, தவணைக்கு 6 நாட்கள் முன்னதாகவே, கடனை அடைத்துவிட்டார். கணிப்பொறியோ தவணையை 6-5-2025 எனக் கொண்டு, அவர் 24 நாட்கள் தாமதித்தார் எனக் காட்டும். உரிய காலத்தில் அடைப்போருக்கே வட்டிச் சலுகை உண்டு. 7 சதவிகித வீதம் ஓராண்டு வட்டி 3,500 ரூபாய். நாணயமாக நடந்த உறுப்பினர் தலையில் இச்சுமை விழலாமா?

தள்ளுபடியின்போது இழப்பு இன்னும் பெரிதாகும். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, 31-1-2021 அன்று நிலுவையிலிருந்த கடன்களே கணக்கில் கொள்ளப்பட்டன. 2-1-2021 அன்று வழங்கிய கடன் பிப்ரவரி முதல் நாள் எனப் பதிவாகுமாயின், அது எல்லைக்கு வெளியே போய்விடும்.

3. ஆண்டினால் வரும் குழப்பம்

ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதுவது பழைய வழக்கம். எக்செல் செயலியின் நெடுங்கால விதிப்படி 00 முதல் 29 வரை 2000-ஐச் சார்ந்தவை. 30 முதல் 99 வரை 1900-ஐச் சார்ந்தவை. ஆகவே 2031-இல் முதிரும் வைப்புத்தொகையை 31 என எழுதினால் 1931 ஆகிவிடும். பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியிலோ இந்த எல்லை 68-இல் உள்ளது. செயலிக்குச் செயலி விதி வேறுபடுதலின், நான்கு இலக்கங்களே பாதுகாப்பு.

வருவாய்த்துறை அடங்கலில் பசலி ஆண்டு காணப்படும். அது சூலை முதல் நாள் தொடங்குவது. பசலி எண்ணுடன் 590-ஐக் கூட்டினால், அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1435 என்பது 1-7-2025 முதல் 30-6-2026 வரை. தமிழாண்டுப் பெயரோ 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள்வது. விசுவாவசு 1965-இலும் பிறந்தது, 2025-இலும் பிறந்தது. பெயரை மட்டும் கொண்டு ஆண்டைத் துணிதல் கூடாது.

4. புள்ளியும் நேரமும்

5.10 என்று புள்ளியிட்டு எழுதினால் செயலி அதனைப் பின்ன எண்ணாகக் கொண்டு 5.1 ஆக்கிவிடும். அக்டோபர் 5 சனவரி 5-ஆகத் தோன்றும்.

சில செயலிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. 1-4-2025 காலை 5 மணிக்கு ஊற்றிய பால் 31-3-2025 இரவு 11.30 எனப் பதிவாகி, முந்தைய நிதியாண்டில் சேர்ந்துவிடும்.

5. செய்ய வேண்டுவன

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலாளர் களிமண்ணைக் கரைத்துச் சலித்துத் தூய்மை செய்த பின்னரே அச்சில் வார்ப்பர். சூளையில் வெந்த பின் குறை தீராது. கணக்கிற்கும் அதுவே முறை.

அ. ஏட்டில் உள்ளவாறே தேதியை முதலில் எழுத்தாக ஒரு பத்தியில் ஏற்றுக, அதனை அழிக்கற்க.

ஆ. நாள், மாதம், ஆண்டு என்னும் வரிசையை நாமே செயலிக்கு அறிவித்து, அடுத்த பத்தியில் தேதியாக மாற்றுக. ஊகத்திற்கு விடலாகாது.

இ. பிறருக்கு அனுப்புகையில் 2025-04-01 என, ஆண்டை முன்வைக்கும் அனைத்துலக முறையைக் கையாள்க.

ஈ. இடைநாட்களைக் கழித்துப் பார்க்க. பாவு கொடுப்பதற்கு முன்பே சேலை வரவானதாகக் காட்டினால் தேதி பிழையென அறிக.

உ. ஐயமுள்ளவற்றை மூல ஏட்டுடனும் உறுப்பினரின் கடவுச்சீட்டு அன்று, அவர் கையிலுள்ள ரசீதுடனும் ஒப்பிடுக.

ஏட்டைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டோம் என்று பழைய பேரேட்டை எறிந்துவிடலாகாது. உறுப்பினர்களும் தத்தம் கணக்கின் நகலைக் கேட்டுப் பெற்றுத் தேதிகளைச் சரிபார்த்தல் வேண்டும். அது அவர்தம் உரிமை. சங்கத்திற்கு அவர் ஆற்றும் தொண்டுமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. 7-8-2025, 7-7-2025, 17-8-2025 ஆகியவற்றுள் மாதத்தை முன்வைக்கும் கணிப்பொறியில் ஓசையின்றி மாறுவது எது?

2. பசலி 1430 எந்நாளில் தொடங்கிற்று?