துளை கூடினால் மின்சாரம் கூடுமா?

ஹைட்ரஜன் வந்தால்தான் எரிமின்கலம், அது சிங்கப்பூருக்கு வர இன்னும் காலமாகும் என்று தேக்காவில் தேநீர் குடித்தபடி அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் வீவக வீட்டு அடுப்புக்குக் குழாயில் வரும் நகர எரிவாயுவில் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன்தான். செனோக்கோவில் இயற்கை எரிவாயுவிலிருந்து அந்த நகர எரிவாயுவைத் தயாரிக்கிறார்கள். தவிர, 700, 800 டிகிரி செல்சியஸில் இயங்கும் திட ஆக்சைடு எரிமின்கலம் சுத்த ஹைட்ரஜன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. குறைந்த வெப்பக் கலங்களுக்கு நஞ்சான கார்பன் மோனாக்சைடும் இதற்கு எரிபொருள். இயற்கை எரிவாயுவைக் கொடுத்தால் கரியமில வாயு வெளிவரும் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த வகைக் கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனங்களில் ஒன்றான புளூம் எனர்ஜியின் நிறுவனர் கே.ஆர். ஸ்ரீதர், திருச்சியில் பொறியியல் படித்தவர்.

நம்பிக்கை: மின்முனையில் நுண்துளை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது.

இல்லை. எரிபொருள் பக்க மின்முனை என்பது நிக்கலும் சிர்கோனியாவும் கலந்த பீங்கான். வாயுவுக்குத் துளை வழி, எலக்ட்ரானுக்கு நிக்கல் வழி, ஆக்சிஜன் அயனிக்குச் சிர்கோனியா வழி. மூன்றும் தொட்டுக்கொள்ளும் கோட்டில்தான் வினை நடக்கும். துளையை அளவுக்கு மீறிப் பெருக்கினால் மற்ற இரண்டு வழிகளும் அறுந்துவிடும், பீங்கானும் வலுவிழக்கும். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய மின்முனை ஒன்றை அயனிக் கற்றையால் படலம் படலமாகச் சீவி, படமெடுத்து, கணினியில் மீண்டும் அடுக்கிப் பார்த்தார்கள். ஒரு கன சென்டிமீட்டருக்குள் அந்தக் கோட்டின் நீளம் 4,000 கிலோமீட்டருக்கு மேல்! சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கே 2,900 கிலோமீட்டர்தான். அதிலும் ஒரு பகுதி எதனோடும் இணையாமல் வீணாகக் கிடந்தது. இணைந்திருப்பதிலும், இரு மின்முனைகளுக்கும் நடுவே அயனியைக் கடத்தும் அடுக்கான மின்பகுபொருளை ஒட்டிய பத்து, இருபது மைக்ரோமீட்டர் அடுக்குதான் பெரும்பாலும் உழைக்கிறது. மிச்சமெல்லாம் தாங்கும் சுவரும் வாயு போகும் வழியும்.

நம்பிக்கை: கணினி மாதிரி என்பது வண்ணப்படம் காட்டும் வித்தை.

2001இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சான் சியூ ஹுவா குழு வெளியிட்ட மாதிரி, கலத்தின் ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் மாற்றினால் மின்னழுத்த இழப்பு எப்படி மாறும் என்று கணக்கிட்டது. எரிபொருள் பக்க மின்முனையைத் தடிப்பாக்கி, அதன்மேல் மின்பகுபொருளை மெல்லிய படலமாகப் போடுவதே மேல் என்று அதில் தெரிந்தது. ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு கலம் செய்து, சூளையில் சுட்டு, சோதித்துப் பார்ப்பதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் எண்ணினால் இதன் அருமை புரியும்.

நம்பிக்கை: மாதிரி வரையும் மின்னழுத்த வளைகோடு சோதனையோடு ஒத்துப்போனால் மாதிரி சரி.

இது படித்தவர்களின் மூடநம்பிக்கை. எனக்கு இதன் மேல்தான் கோபம் அதிகம். வாயு துளைக்குள் எவ்வளவு சுற்றி வளைந்து போகிறது, வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பவற்றுக்கான எண்களைப் பலர் நேரடியாக அளப்பதில்லை. வளைகோடு பொருந்தும்வரை திருகுகிறார்கள். அப்படித் திருக நாலைந்து எண்கள் கையில் இருந்தால், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு மாதிரிகள்கூட ஒரே கோட்டை வரைந்து காட்டிவிடும். வெப்பநிலையையோ எரிவாயுக் கலவையையோ மாற்றி, எண்களைத் தொடாமல் மறுபடி ஓட்டும்போதுதான் சாயம் வெளுக்கும்.

அடுத்த முறை எவராவது அச்சு அசலாகப் பொருந்தும் கோட்டைத் திரையில் காட்டினால், இவற்றில் எந்த எண் அளந்தது, எந்த எண் திருகியது என்று கேளுங்கள்.