திருமுக்கூடல் ஆதுலர்சாலை

உத்தரமேரூர் என்றவுடன் குடவோலையே யாவர்க்கும் நினைவிற்கு வரும். 919, 921 ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தே பொறிக்கப்பெற்ற அச்சாசனங்களைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவ்வூர்க்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுமிடத்தில், பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடலை அறிந்தார் சிலரே. ஆங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோவிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நெடிய சாசனம் ஒன்று உளது. 1915-இல் படியெடுக்கப்பெற்ற அதனைப் பின்னர்க் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராபியா இந்திகாவின் 21 ஆம் தொகுதியிற் பதிப்பித்தார். வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலை ஒன்றின் வரவு செலவுத் திட்டம் அதனுள் அடங்கியுள்ளது. ஆதுலர் என்பார் பிணியாளர்; ஆகவே ஆதுலர்சாலை என்பது நாம் இக்காலத்து ஆஸ்பத்திரி என வழங்குவதேயாம்.

பழைய மருத்துவ நிலையமொன்றின் சின்னத்தைக் காண விரும்புவார் பொதுவாகக் கட்டடத்தையே தேடுவர். இங்கிலாந்தில் சிச்செஸ்டர் நகரத்துத் தூய மரியாள் மருத்துவமனையின் நீண்ட கூடம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. இரு மருங்கும் படுக்கைகளும், கீழ்க்கோடியில் ஆலயமுமாக அமைந்த அக்கூடம், பின்னாளிற் சிறு வீடுகளாகத் தடுக்கப்பெற்று, இன்றும் முதியோர்க்கு உறைவிடமாய் உள்ளது. இலங்கையில் மிகிந்தலையிலோ, ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவமனையின் அறைகளின் அடித்தளமும், நோயாளி மருந்துநீரிற் கிடத்தற்கென மனித வடிவிற் குடையப்பெற்ற கற்றொட்டியும் எஞ்சியுள்ளன. திருமுக்கூடலிலோ தனிக் கட்டடம் தேடுதல் பொருந்தாது. கோவிலைச் சார்ந்த ஜனநாதன் மண்டபத்திலேயே மாணாக்கர் பயின்றனர், உண்டனர், அவ்விடத்தேயே ஆதுலர்சாலையும் நடைபெற்றது. ஆயினும் சிச்செஸ்டர் கூடத்தின் உத்தரங்கள் கூறாத ஒன்றை இக்கோவிற்கல் கூறுகின்றது. யார் யார் வேலை செய்தனர், அவர்க்கு எவ்வளவு நெல் அளந்தனர் என்பதே அஃது.

படுக்கைகள் 15. பிணியாளர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி. மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவர்க்கு நாள்தோறும் மூன்று குறுணி வீதம் ஆண்டிற்கு நெல் 90 கலமும், காசு 8-ம். சல்லியக்கிரியை பண்ணுவானுக்கு, அதாவது அறுத்துச் சிகிச்சை செய்வோனுக்கு, நெல் 30 கலமே. மருந்துப் பூண்டுகளைக் கொணர்வார் இருவர்க்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும். பணிப்பெண்டிர் இருவர்க்கும் சேர்த்து 30 கலமும் ஒரு காசும். நாவிதனுக்கு 15 கலம். மருத்துவர் பெற்றதில் மூன்றிலொரு பங்கே சத்திர வைத்தியன் பெற்றான் என்பதை நம் மருத்துவ மாணவர் கண்டால் வியப்புறுவர். பச்சிலை தேடிக் காடு மேடு அலைபவன் ஒருவனுக்கும் அவனுக்கும் நெல் அளவு ஒன்றே. சுசுருதர் நூல் தோன்றிய நாட்டிலேயே கத்தி பிடித்த கை இவ்வாறு தாழ்ந்தமை ஆராயத் தக்கது.

ஆண்டுதோறும் சேமித்து வைத்தற்குரிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களும் வரையப்பட்டுள்ளன. அவற்றுள் வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி என நான்கு கடுக்காயை முதலாகக் கொண்டவை. ஆடாதோடையோடும், பசுவின் நீரோடும், பத்து வேர்களோடும், சேங்கொட்டையோடும் அக்காய் சேர்ந்த முறைகள் அவை. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம், வில்வாதி கிருதம், கல்யாண லவணம் முதலியனவும் உள. புராண கிருதம் என்பது பல்லாண்டு வைத்துப் பழகிய நெய். இன்று நெய் வாங்கி இன்றே அம்மருந்து செய்தல் இயலாது. ஆதலின் இச்சாலையை ஏற்படுத்தினோர் நெடுங்காலம் இது நிலைபெறும் என்றே கருதியிருத்தல் வேண்டும்.

உலகின் முதல் ஆஸ்பத்திரி இதுவே என்று பெருமிதத்தோடு எழுதுவாரும் உளர். மிகிந்தலை இதனினும் முந்தியதாகலின் அக்கூற்று நில்லாது. அன்றியும், இச்சாலை ஊரார் அனைவர்க்கும் திறந்திருந்த தருமசாலை என்று கொள்வதற்கும் இடமில்லை. மண்டபத்தில் வேதமும் வியாகரணமும் பிறவும் ஓதிய மாணாக்கர் முதலாயினோர் 60 பேர். அவர்களையும் கோவிற் பணியாளரையும் கருதியே இஃது அமைந்ததென்பர் அறிஞர். பாலாற்றங்கரையில் ஏர் உழுதவன் காய்ச்சலுற்றால் அப்பதினைந்து படுக்கைகளுள் ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கும் என்று கல்லில் ஒரு சொல்லும் இல்லை. அவன் விளைத்த நெல்லோ அக்கணக்கின் ஒவ்வொரு வரியிலும் உள்ளது. இவ்வேறுபாட்டை மறைத்து இச்சாசனத்தைப் புகழ்தல் அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எனினும், உள்ள அளவில் அதன் கருத்தூன்றிய பரிவு சிறிதன்று. மாணாக்கர் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து முழுகுதற்கு ஆண்டில் 51 சனிக்கிழமைகட்கு எண்ணெய் ஒதுக்கியுள்ளனர். அவ்வெண்ணெயை நம் விடுதி மாணவர் பொறாமையோடு எண்ணுவாராக! ஆதுலர்சாலையில் இரவெல்லாம் எரியும் விளக்கு ஒன்றிற்கு ஆண்டிற்கு எண்ணெய் 45 நாழி. அதன் விலை இரண்டேகாற் காசு. நாளொன்றுக்குக் கணக்கிடின் ஓர் ஆழாக்கு வரும். நள்ளிரவில் நீர் வேண்டுவானுக்குப் பணிப்பெண் வரும் வழி தெரிவதற்கு அவ்வாழாக்கு எண்ணெயும் கல்லில் வெட்டப்பெற்றது.