விழித்த பின்னும் விழிப்பு

நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மழையில் நனைந்த மண்ணில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் வழுக்கி விழுகிறார். அவருடைய தோள்மூட்டு விலகிவிடுகிறது. உடனே அவரை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்கின்றனர். விலகிய மூட்டை மீண்டும் பொருத்தும்போது கடும் வலி உண்டாகும். எனவே, மருத்துவர் வலியைத் தணிக்க மார்ஃபினையும் உறக்கநிலையை உண்டாக்க மிடாசோலாமையும் ஊசிவழி செலுத்துகிறார்.

இம்மருந்துகள் துன்பத்தைக் குறைப்பவை. எனினும், அளவு மிகுந்தால் மூச்சையும் மந்தப்படுத்தக்கூடியவை. மூட்டை இழுக்கும்வரை வலியே மூச்சைத் தூண்டிக்கொண்டிருக்கும். மூட்டுப் பொருந்தி வலி நீங்கியதும் அத்தூண்டுதல் மறைந்துவிடும். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எல்லாரும் நிம்மதி அடையும் அவ்வேளையில்தான் நோயாளியின் மூச்சு தளரக்கூடும்.

அப்போது மருத்துவக் குழுவினர் முதலில் நோயாளியின் தாடையை உயர்த்தி மூச்சுவழியைத் திறப்பர், பிராணவாயு கொடுப்பர், தேவைப்பட்டால் காற்றுப்பையை அழுத்தி மூச்சூட்டுவர். அதன் பின்னரே முறிமருந்தை நாடுவர். மார்ஃபினுக்கு நாலோக்சோன் முறிமருந்தாகும். இது 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மிடாசோலாமுக்கு ஃபுளூமாசெனில் முறிமருந்தாகும். மூளையில் மயக்க மருந்து அமர்ந்து செயல்படும் இடத்தை முறிமருந்து கைப்பற்றிக்கொள்கிறது. நரம்புவழி செலுத்தினால், ஓரிரு நிமிடங்களிலேயே நோயாளி கண் விழிக்கத் தொடங்குவார்.

எல்லா மயக்க மருந்துக்கும் முறிமருந்து இருக்கிறதா? இல்லை. பரவலாகப் பயன்படும் புரொப்போஃபோலுக்கு முறிமருந்து கிடையாது. அதன் வேகம் தானாகத் தணியும்வரை நோயாளியின் மூச்சைக் காத்து நிற்க வேண்டும். அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தும் மருந்துகளின் விளைவை நீக்க நியோஸ்டிக்மின் உதவுகிறது. 2008ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சுகமாடெக்ஸ், ரோக்குரோனியம் போன்ற தசைத் தளர்த்திகளின் மூலக்கூறுகளைத் தன்னுள் அடக்கிச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால், இவ்விரண்டும் உறக்கத்தைக் கலைக்கும் மருந்துகள் அல்ல.

முறிமருந்து மயக்க மருந்தை உடலிலிருந்து அகற்றுவதில்லை என்பதே இங்கு முதன்மையாக அறிய வேண்டிய உண்மை. நாலோக்சோன் ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்கள் வரை செயல்படும்; மார்ஃபினின் விளைவோ பல மணிநேரம் நீடிக்கும். ஃபுளூமாசெனிலின் ஆற்றலும் ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் குறைந்துவிடும். காவலாளி சென்றதும் கள்வன் திரும்புவதுபோல, முறிமருந்தின் வேகம் தணிந்ததும் மயக்கம் மீண்டும் சூழலாம். மூச்சு மறுபடியும் தளரலாம்.

கண் விழித்த தொழிலாளி, “எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று அவசரப்படலாம். ஒரு நாள் கூலியை இழப்பது அவருக்குப் பெருங்கவலை. ஆயினும், தோட்டத்துச் செம்மண் பாதையில் செல்லும்போது மயக்கம் திரும்பினால், உதவிக்கு ஆள் இருக்கமாட்டார். ஆகவே, மருத்துவர் அனுமதிக்கும்வரை அவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. நோயாளி வழக்கமாக உண்ணும் மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். நெடுநாள் தூக்க மாத்திரை உட்கொண்டவருக்கு ஃபுளூமாசெனில் வலிப்பை உண்டாக்கக்கூடும். வீடு திரும்பிய பின், குறைந்தது 24 மணிநேரம் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டவோ அரிவாளைக் கையாளவோ மது அருந்தவோ கூடாது. அன்றிரவு பெரியவர் ஒருவர் அவருடன் இருக்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டால், “அசந்து தூங்குகிறார்” என்று விட்டுவிடாமல் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

கண்ணைத் திறக்க வைப்பது மருந்து. உயிரைக் காப்பது, அதன் பின்னும் அருகிலிருந்து கவனிக்கும் மனிதரின் விழிப்பு.