கணக்குப்பிள்ளைக்குள் ஒரு பபூன்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையின் மேஜை முன் அமர்ந்து, வந்து இறங்கும் முருங்கைக்கும் தக்காளிக்கும் எடை குறித்து, கேரளத்துக்குப் புறப்படும் லாரிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் மனிதனிடம் ஹாஸ்யத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நாளடைவில் அவனும் அதைத் தன்னிடம் எதிர்பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். வாலிபத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் மாரியம்மன் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்குப் பபூன் வேஷம் கட்டிக்கொண்டிருந்த நான், விவாகத்துக்குப் பின் கௌரவத்தை உத்தேசித்து அதை விட்டுவிட்டு, ஐம்பது பிராயத்தைக் கடந்தபின் மீண்டும் கட்டத் தொடங்கியிருக்கிறேன். சலங்கையையோ புல்லாங்குழலையோ டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுச் சம்சாரம் நடத்துகிறவர்கள் இவ்வூரில் இன்னும் சிலர் இருப்பதால், பட்டறிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றித் தந்த பாடல்களை நம்பி இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்ற சம்பிரதாயமே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, அன்றிரவு மேடையில்தான் கூடுவார்கள். கதை தொடங்குமுன் சபைக்கு வந்து, பாடி, ஆடி, பாயை விரித்துக்கொண்டிருக்கும் ஜனங்களைத் தன் பக்கம் திருப்ப வேண்டிய பொறுப்பு பபூனுடையது. அவனுக்குக் கடன் இல்லை, சம்பந்தி இல்லை, காப்பாற்ற வேண்டிய பெயரும் இல்லை. ஆகவே எதையும் சொல்லலாம். சங்கீதத்தைக் காட்டிலும் இந்தச் சுதந்திரமே என்னை மறுபடி இழுத்தது. கணக்குப்பிள்ளையாகவே நின்று வேடிக்கை பேசினால், பாக்கி வைத்திருக்கும் வியாபாரி சிரிக்கமாட்டான், சந்தேகப்படுவான். எனவே உங்களுக்குள் இருக்கும் அந்த வேறொருவனுக்குத் தனியாக ஒரு பெயரும், ஒரு தொப்பியும், ஒரு நடையும் கொடுத்துவிடுங்கள். தொப்பியைக் கழற்றியதும் அவன் போய்விட வேண்டும்.

அடுத்தது சாரீரம். ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக நாடகக்காரர்கள் நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார்கள். ஒலிபெருக்கி வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை, நானும் அப்படியே கத்திப் பழகியவன். இப்போது இரண்டு கட்டையில் நிற்கிறேன். இதற்கு முழுக் காரணம் எங்கள் ஆர்மோனியக்காரர். (அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை விலக்கி வைத்திருந்த அந்த வாத்தியத்தை நாடக மேடை ஒரு நாளும் இறக்கி வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் பெருமை.) “அண்ணே, குரலைத் தொரத்தாதீங்க, அதுவா வரட்டும்” என்று சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலே சுருதியை இறக்கி வாசித்தார். சுருதி இறங்கியதும் வார்த்தைகள் துலக்கமாயின. பபூனுக்கு வார்த்தை அல்லவா ஜீவன்! விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில் கால் மணி நேரம் அகாரம் பாடுகிறேன். சின்ன வெங்காயம் புடைக்கும் இடத்தைக் கடக்கும்போது, அந்தச் சருகுத் தூசு தொண்டைக்குப் பரம சத்துரு என்பதால், துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

இளமையின் துள்ளல் திரும்பி வரும் என்று காத்திருப்பது வீண். நரைத்தவனுக்கென்று ஒரு விளையாட்டு உண்டு. எங்கள் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், பழனி மலைமேல் கோவணத்துடன் சகலத்தையும் துறந்து நிற்கிற அதே முருகன், நாடகத்தில் தள்ளாத கிழவனாக வந்து, வள்ளியிடம் தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கிக்கொண்டு தண்ணீர் கேட்கிறான். அந்தக் கட்டத்தை வாலிபர் நடித்தால் எனக்கு ஏனோ ரசிப்பதில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், லட்சுமிகாந்தன் வழக்கில் சிறையிலிருந்து 1947-இல் மீண்டு, ‘நல்லதம்பி’ (1949) படத்தில் பாகவதராகக் கோலம் பூண்டு கிந்தனார் காலட்சேபம் செய்தபோது அவருக்கு வயது நாற்பது. இருபது வயதில் அதே நிதானத்துடன் அவரால் அதைச் செய்திருக்க முடியுமா என்பது என் சந்தேகம்.

முதல் பரீட்சையை வீட்டார் முன்னிலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் உங்களை அதிகம் அறிந்தவர்கள். தைப்பூசத்தை ஒட்டி, திண்டுக்கல் சாலை வழியே பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவில் எங்கள் ஊர்ப் பக்கம் தங்கி, காவடிச் சிந்து பாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, ஆரம்பத்தில் தாளம் மட்டும் போட்டு, பிறகு மெல்ல என் பபூனை அவிழ்த்துவிட்டேன். காலில் கொப்புளத்துடன் நடக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கிறார்கள். பிடிக்காவிட்டாலும் காலையில் அவர்கள் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் விஷயம் தெரிந்தபோது, “பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன நெனப்பாங்க?” என்றாள் என் மனைவி. வந்தவர்களோ, மாப்பிள்ளையின் தகப்பனார் உட்பட, தொப்பியைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார்கள்.

முழு இரவுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ராஜபார்ட்டுக்கு விடியும் வரை தர்க்கம் உண்டு. பபூனின் ஆரம்பக் காட்சியோ நடுநிசியை ஒட்டி முடிந்துவிடும். பிற்பாடு அவன் தலைகாட்டும் இடங்களுக்குத் துடிப்பான பிள்ளைகள் இருக்கிறார்கள். எனவே அழைக்க வருகிறவர்களிடம் முதல் காட்சிக்கு மட்டும் சம்மதித்து, அரிதாரத்தைக் கழுவ வெந்நீரும் கடைசி பஸ்ஸுக்குப் பதிலாக ஒரு வண்டியும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். விடிந்தால் முருங்கை வந்து இறங்கிவிடும்.