முதலில் நோட்டை எடு

அன்பு மருமகளுக்கு,

கல்வராயன்மலையில் தொல்லியல் கள ஆய்வுக்கு உதவியாளாகப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "வரலாறு படிச்சுட்டு காட்டுல கல் எண்ணப் போறாளாம்" என்று அலுத்துக்கொண்டாலும் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. உன் கவலை வேறு. தற்காலிக வேலை, டேப் பிடிக்கவும் பை தூக்கவும்தானே விடுவார்கள், இதில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று எழுதியிருந்தாய். டேப் பிடிக்கத்தான் விடுவார்கள். நான் சொல்ல வருவதும் அந்த டேப்பைப் பற்றித்தான்.

இந்தத் துறையில் எதையும் முதலில் பார்ப்பது கடைசிப் படியில் இருப்பவர்தான். பானை ஓடு எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது அதைத் தொட்ட ஆளுக்கு மட்டும் தெரியும். தோண்டிய மண்ணைத் திரும்பப் போட்டு மறுபடி பார்க்க முடியாது. அந்த நேரத்தில் நீ எழுதாமல் விட்டதை எந்தப் பேராசிரியராலும் பிறகு மீட்க முடியாது. கண்டுபிடிப்பவர் என்ற பேர் யாருக்குப் போனாலும், சாட்சி நீதான்.

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பொருள்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எது எந்த ஈமத்தாழியோடு கிடந்தது என்ற சேதி அவற்றோடு முழுதாகப் போய்ச் சேரவில்லை. உன் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத அரிக்கமேட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. 1930-களில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய மணிகளைப் பிரெஞ்சுக்காரரான ழூவோ துப்ரேய் வாங்கிச் சேர்த்தார். மணிகள் அழகாக இருந்தன, ஆனால் அவை எந்தக் காலத்தவை என்று சொல்ல வழியில்லை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் வந்து, குழிகளுக்கு நடுவே மண்சுவரை விட்டுவிட்டு அடுக்கடுக்காகத் தோண்டினார். ரோமானியப் பாண்டங்களின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்ததால் நம் ஊர்ப் பானை ஓட்டுக்கும் வயது சொல்ல முடிந்தது. அதே மாதிரி ஓடு இன்று வேறெங்கே கிடைத்தாலும் அந்தக் கணக்கு உதவுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்களே, அந்த எண்ணுக்கு அடியிலும் கரித்துண்டு எத்தனை சென்டிமீட்டரில் கிடைத்தது என்று யாரோ ஒருவர் எழுதிய குறிப்பு இருக்கிறது.

இனி உன் மலைக்கு வருவோம். நீ கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுவாய். வடக்கே சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. மரவள்ளிக் காடுகள், சாமைக் கொல்லைகள், அவற்றுக்கு இடையிலும் மேலும் காப்புக்காடு. இந்த மாதிரி மலைகளில் நீ தேடப்போவது பெரும்பாலும் கற்திட்டைகளும் கல்வட்டங்களும் நடுகற்களும்தான். அடைமழை முடிந்து தழை காய்ந்த தை, மாசியில்தான் தரை கண்ணுக்குத் தெரியும். காட்டுத் தீ பிடிக்கும் பருவமும் அதையொட்டியே வரும். அடுப்பு மூட்டுவது, பீடித் துண்டை எறிவது எல்லாம் குழுவில் யார் செய்தாலும் வாய் திறந்து தடுத்துவிடு. நீ சின்னவள் என்பதற்காக அதில் தயங்காதே.

கற்திட்டை ஒன்றின் முன்னால் போய் நிற்கிறாய் என்று வை. பலகைக் கற்கள் மூன்று, நான்கு பக்கம் நிற்கும், மேலே மூடுகல். சிலவற்றில் முன்பலகையில் வட்டமாகத் துளை வெட்டியிருப்பார்கள். அதற்கு இடுதுளை என்று பெயர். உடனே உள்ளே தலையை விட்டுப் பார்க்கத் தோன்றும். விடாதே, பாம்புக்கும் தேளுக்கும் அதைவிட நல்ல வீடு கிடையாது. முதலில் நோட்டை எடு. புல்லைக் களையும் முன்பே, அளவுகோலும் வடக்கு காட்டும் அம்பும் வைத்து ஒரு படம் எடு. பிறகு சுற்றி வந்து ஒவ்வொன்றாக எழுது: திறப்பு எந்தத் திசை, பலகையின் நீளம், உயரம், கனம், சுற்றிலும் வட்டமாகக் கல் உண்டா, நிற்பது மண்ணிலா வெறும் பாறையிலா, பக்கத்துப் பாறையில் கல் பெயர்த்த தடம் தெரிகிறதா.

சரிந்து கிடக்கும் பலகையிடம் இன்னும் கொஞ்ச நேரம் நில். முறிந்த விளிம்பு பாசி பிடித்துக் கறுத்திருந்தால் பழைய முறிவு. வெளுப்பாகப் பளிச்சென்றிருந்தால் சமீபத்தில் உடைத்தது. கூடவே உள்தரையில் குழியும், அதன் ஓரத்தில் இறுகாத மண்ணும் இருந்தால் புதையல் தேடி யாரோ வந்து போயிருக்கிறார்கள். 'சிதைந்த கற்திட்டை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் இதெல்லாம் போய்விடும். எப்படிச் சிதைந்தது என்று எழுது. எழுதுவது பென்சிலாக இருக்கட்டும், ஈரம் பட்டால் பேனா மை ஊறிவிடும். மாதிரி எடுக்கச் சொன்னால் சீட்டு ஒன்று பைக்குள்ளே, அதே விவரம் பைக்கு வெளியிலும். சீட்டு இல்லாத ஓடு வெறும் ஓடுதான்.

நடுகல்லில் எழுத்து மங்கலாக இருந்தால் சிலர் சாக்பீஸ் தேய்ப்பார்கள், எண்ணெய் பூசுவார்கள். நீ செய்யாதே. காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது பார், உச்சி வெயிலில் தெரியாத கோடு தெரியும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தாலும் தெரியும். உன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் இப்படி ஊர் ஊராகப் போய்ப் படித்த நடுகற்களைத்தான் இரா. நாகசாமி 1972-இல் நூலாகக் கொண்டுவந்தார். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழி எழுத்து 1981-இல் வெளியே தெரிந்ததும் கள ஆய்வில்தான். சங்கப் பாட்டில் மட்டும் கேள்விப்பட்ட மனிதரை அந்தப் பாறை அசோகர் கல்வெட்டு சொல்லும் சத்தியபுத்திரரோடு சேர்த்துவைத்தது. அதற்காக ஒருவரும் கடப்பாரையைத் தொடவில்லை.

அடுத்தது, நிலம் யாருடையது என்பது. நீ நடக்கப்போவது பெரும்பாலும் வனத்துறை நிலம், இல்லாவிட்டால் புறம்போக்கு. அனுமதிக் கடிதத்தின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். அந்தப் பகுதி வனக்காப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ. கள ஆய்வு வேறு, அகழாய்வு வேறு என்பதையும் மறக்காதே. அகழாய்வுக்கு மத்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். அது இல்லாமல் கைக்கொத்தால் ஒரு சாண் கிளறினாலும் தப்புதான். மண்ணுக்குள்ளிருந்து வரும் பழம்பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசு அறிவித்தவை மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் இருக்கிறது என்று எழுதிவைத்தால்தான் நாளை சாலை போடும்போதோ கல் உடைக்கும்போதோ யாராவது தடுத்துக் கேட்க முடியும்.

சட்டத்தைவிடப் பெரிய விஷயம் மலை மக்கள். கல்வராயன்மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. பட்டாவும் வன உரிமையும் அங்கே இன்றைக்கும் தீராத பேச்சு. யாரோ வெளியாள் டேப்பும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு கொல்லை ஓரத்தில் அளந்தால் அவர்களுக்கு என்ன தோன்றும்? நிலத்தைப் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று தோன்றும், சாராய ரெய்டுக்கு உளவு என்றும் தோன்றும். அதனால் ஊருக்குள் போனதும் முதலில் ஊர்க் கவுண்டரையோ பெரியவர்களையோ பார்த்து, யார், எதற்கு வந்தோம், எதை எழுதுகிறோம் என்று சொல்லிவிடு. நோட்டைக் காட்டு. மழை வந்தால் ஒதுங்க ஒரு திண்ணையும் அப்போதுதான் கிடைக்கும்.

கற்திட்டையைக் குள்ளர்கள் குடியிருந்த வீடு என்பார்கள், பாண்டவர் வீடு என்பார்கள். "அதெல்லாம் இல்லைங்க, இது ஈமச்சின்னம்" என்று உடனே பாடம் நடத்தாதே. அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுது. அந்தக் கதைதான் இத்தனை காலம் அந்தக் கல்லில் கைவைக்க விடாமல் காத்துவந்திருக்கிறது. ஆடு மேய்க்கிறவரும் கடுக்காய் பொறுக்கப் போகிற பெண்களும் அறிந்த காடு எந்த வரைபடத்திலும் இல்லை. வழி காட்டியவர் சம்மதித்தால் அவர் பேரையும் குறிப்பில் சேர். கும்பிடுகிற கல்லாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டு அளந்துகொள். வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிட்டு வந்துவிடு.

இன்னொன்றையும் கண்டிப்பாகவே சொல்கிறேன். இடத்தின் ஜிபிஎஸ் எண்ணையோ வழி தெரியும் படத்தையோ வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போடாதே. 'மூவாயிரம் வருஷத்துக் கல்லறை' என்று நீ சந்தோஷத்தில் போடுவதைப் புதையல்காரன் முகவரியாக எடுத்துக்கொள்வான். செய்தி எப்போது, எவ்வளவு வெளியே போகலாம் என்று குழுத்தலைவர் முடிவு செய்யட்டும்.

சம்பளத்தைப் பற்றி உன் அம்மா கேட்டாள். அதிகம் வராது, ஆய்வு முடிந்தால் வேலையும் முடியும், தானாக நிரந்தரமாகாது. அதை நம்பி உட்காராமல் அடுத்த படிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இரு. மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் கல்வெட்டியலும் தொல்லியலும் சேர்த்துப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மத்தியத் துறைக்கு கிரேட்டர் நொய்டாவில் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் துறைகள் உண்டு. டிஎன்பிஎஸ்சி தொல்லியல் அலுவலர் தேர்வு அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், கண் வைத்திரு. எந்த நேர்காணலுக்குப் போனாலும் களத்தில் நீ எதைப் பார்த்து எப்படிப் பதிந்தாய் என்று விவரமாகச் சொல்ல முடிந்தால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். இடையில் வட்டெழுத்தும் தமிழியும் பழகிக்கொள், ஆறு மாதம் கை ஓய்ந்தால் மறந்துபோகும்.

கணுக்கால் மூடும் ஷூ வாங்கு. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள். தனியாகப் போகாதே. சாயங்காலம் இறங்கியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், அன்றைய பக்கங்களை ஒரு தடவை படித்துப் பார். நாளை நீ வேலைக்கு வராமல் போனால், உன்னைப் பார்த்தேயிராத ஒருத்தி இந்த நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதே கல்லுக்குப் போய் நிற்க முடியுமா என்று கேட்டுக்கொள். முடியாது என்றால் தூங்கும் முன் திருத்து. மறுநாள் காலையில் பாதி மறந்துவிடும்.

அன்புடன்,
மாமா